வெடிக்காத டயர்

பிள்ளைகளா, அன்றைக்கு டயர் வெடிக்கவில்லை.

இந்த ஒரு வரியை வாயால் சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்தேன், முடியவில்லை. ஞாயிறு காலையில் பள்ளிக்கூட வாசலில் உங்கள் சைக்கிள்களை என் வண்டியில் ஏற்றும்போது, புதிதாக வந்த பிள்ளை யாராவது இருந்தால் உங்கள் விளையாட்டு சார் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறார். பந்தயத்துக்குப் போகிற வழியில் டயர் வெடித்தது, மனிதர் ஒற்றை ஆளாக ஜாக்கி போட்டு மாற்றினார், அப்படியும் நேரம் கடந்து மகளுக்குப் பந்தயம் போய்விட்டது, ஆனாலும் அவர் சோர்ந்துபோகவில்லை, இன்றைக்கு உங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறார் பாருங்கள் என்பார். நீங்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பீர்கள். நான் சைக்கிளைக் கட்டிய கயிற்றை அவிழ்த்து, மறுபடியும் கட்டிக்கொண்டிருப்பேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். சின்னமனூர் மண்டியிலிருந்து வாழைத்தாரும் திராட்சையும் ஏற்றிப் போகிற பிக்கப் வண்டிக்கு டிரைவரும் நானே, ஓனரும் நானே. இவ்வளவு நீளமாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இருக்கிற தப்பைச் சொல்கிறேன். மற்றதைப் பொறுப்பதா வேண்டாமா என்று நீங்களும் உங்கள் வீட்டாரும்தான் சொல்ல வேண்டும்.

அந்த வண்டியின் மேல் இருக்கிற தகர அறை எப்படி வந்தது என்பதிலிருந்து சொல்கிறேன். அதில் படுத்திருக்கிறீர்கள், சண்டை போட்டிருக்கிறீர்கள், சாம்பார் சாதத்தைக் கொட்டியிருக்கிறீர்கள். ஆனால் அது எதற்காகக் கட்டப்பட்டது என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். மேகமலை ரோட்டில் பையன்கள் இரண்டாவது வளைவிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போன மேட்டில், இவள் ஏழு வளைவு கால் ஊன்றாமல் ஏறினாள். சார் வீட்டுக்கே வந்து சொன்னார். எனக்கு அது விளையாட்டு என்றே அப்போது தெரியாது. பாரம் ஏற்றாமல் மலை ஏறுவானேன் என்று நினைத்தேன்.

முதல் வெளியூர்ப் பந்தயத்துக்கு பஸ்ஸில் போனார்கள். சைக்கிளை பஸ் கூரையில் கட்டினார்கள். பந்தயம் நடந்த இடத்தில் பெண்பிள்ளைகள் உடை மாற்ற ஒரு மறைவு கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது. ஒருத்தி துப்பட்டாவை விரித்துப் பிடிக்க இன்னொருத்தி மாற்றினாளாம். என் மகள் முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. குடித்தால் எங்கே போவது? மூன்றாவதாக வந்தாள். வந்து சைக்கிளை நிறுத்தியதும் மயங்கி விழுந்தாள். இதை என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாள், அவள் அம்மா எனக்குச் சொன்னாள்.

அன்றைக்குத்தான் அறை கட்டுவது என்று முடிவெடுத்தேன். அதுவரைக்கும் நான் நல்ல அப்பாதான்.

தேனியில் லாரிக்கு பாடி கட்டுகிற ஒரு பட்டறை இருக்கிறது. அந்தப் பட்டறைக்காரரிடம் போய், வீடு மாதிரி ஒன்று வேண்டும், ஆனால் வார நாளில் கழற்றி வைத்துவிட்டு லோடு அடிக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். சதுரக் குழாயில் சட்டம், வெளியே தகரம், உள்ளே பிளைவுட், இரண்டுக்கும் நடுவில் வெயில் தாங்கத் தெர்மாகோல் என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்தார். பழைய பஸ்ஸில் கழற்றிய இரண்டு ஜன்னல் கண்ணாடிகளை வைத்தோம். கூரையில் தண்ணீர் டிரம், அதிலிருந்து சொட்டுநீர்க் குழாயில் ஒரு பைப். மூலையில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத் திரைபோட்ட மறைப்பு, அதற்குள் வாளி வைத்த கழிப்பறை. திரையை என் மனைவி தைத்தாள். சைக்கிளைத் தொங்கவிட, மண்டியில் வாழைத்தார் தொங்கவிடுகிற கொக்கியையே முன்சுவரில் அடித்தேன். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக மூன்று சைக்கிள் தொங்கும்.

கழற்றுவதற்கு எங்கள் ஊர் வழி ஒன்று கண்டுபிடித்தேன். ஒரு திராட்சைத் தோட்டத்தில் பந்தலைப் பிரித்தபோது கிடந்த கல்தூண்கள் நான்கை வாங்கி வீட்டுப் பக்கத்துக் காலி இடத்தில் நட்டேன். வண்டியை நடுவில் விட்டு, போல்ட்டுகளைக் கழற்றி, பாரம் தூக்குகிற செயின் பிளாக்கில் அறையைத் தூக்கித் தூண்களின் மேல் குறுக்குச் சட்டம் கொடுத்து உட்காரவைத்தால், வண்டி அடியிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும். சனிக்கிழமை மறுபடி உள்ளே விட்டு இறக்கிக்கொள்ளலாம். இதைப் பார்க்க ஆள்கள் வந்தார்கள். டீக்கடையில் ஒருவர், “என்னண்ணே, வீரபாண்டித் திருவிழாவுக்கு மரணக் கிணறு கொண்டு போறீகளா?” என்று கேட்டார். இன்னொருவர், நடமாடும் ரேஷன் கடை என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. படுக்கையை வண்டியின் நீளவாக்கில் நிலையாகப் போடலாம், பிள்ளை காலை நீட்டிப் படுக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். குறுக்குவாக்கில், கீல் வைத்து, சுவரோடு மடக்குகிற பலகையாகப் போடச் சொன்னேன். குறுக்கே போட்டால் ஐந்தடிதான் வரும், பொண்ணு என்ன உயரம் என்று அவர் கேட்டார். ஐந்தடிக்கு மேலே வளர்ந்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, முடக்கிப் படுத்துக்குவா என்றேன். பலகையை மடக்கிவிட்டால் தரை முழுக்கக் காலியாக இருக்கும், பழம் ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேட் அடுக்கலாம். அவளுக்காகக் கட்டிய அறையில் என் மனதுக்குள் முதலில் அடுக்கப்பட்டது கிரேட்தான். அவள் அதில் படுத்ததெல்லாம் முழங்காலை மடக்கித்தான். லாரி டிரைவரெல்லாம் இப்படித்தான் ஆத்தா தூங்குவாக என்று நான் வேடிக்கை பேசினேன். அவளும் சிரித்தாள்.

லோடு வண்டி ஓட்டாதவர்களுக்கு இது புரியாது. காலி வண்டி ஓட்டுவது எங்களுக்கு உடம்பில் அரிப்பு மாதிரி. போகும்போது ஒரு லோடு, வரும்போது ஒரு லோடு. திரும்பி வர ஆளோ சரக்கோ கிடைக்காவிட்டால் சந்தையிலேயே ஒரு நாள் படுத்துக் கிடப்போமே தவிர, வெறும் வண்டியாகக் கிளம்ப மாட்டோம். ஆடுகிற வண்டிக்குள் ஒன்றுமில்லாத சத்தம் கேட்டால் எனக்கு மனசு கெட்டுப்போகும். இருபது வருசப் பழக்கம்.

ஆனாலும் முதல் ஆறேழு மாதம் நான் சுத்தமாகத்தான் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மகளையும் அவளோடு சைக்கிள் ஓட்டுகிற இரண்டு பெண்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு அடிவாரத்துக்கோ வைகை அணைப் பக்கமோ போவேன். என் மனைவியும் வருவாள். விடியுமுன் பிள்ளைகள் உள்ளேயே உடை மாற்றி, முகம் கழுவி, தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு குடித்துவிட்டு மலை ஏறுவார்கள். நான் பின்னாலேயே இரண்டாவது கியரில் போவேன். கீழே இறங்கி வந்து அறையின் பின்கதவைத் திறந்து, படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிடும்போது அவர்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்க நான் வண்டியைத் துடைக்கிற மாதிரி அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.

பிறகு ஒரு பந்தயம் முடிந்து வரும்போது இரண்டு மூட்டை சின்ன வெங்காயம் ஏற்றினேன். மடக்கிய பலகைக்குக் கீழே வைத்தால் தெரியக்கூட இல்லை. அடுத்த தடவை பத்து மூட்டை. அதற்கடுத்த தடவை வாழைக்கன்று. பிள்ளைகள் கன்றிலிருந்து உதிர்ந்த மண்ணில் கால் வைத்து உட்கார்ந்து வந்தார்கள். என் மகள் தன் பந்தய உடையை மட்டும் அறையிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, முன்னால் டிரைவர் சீட்டுக்குப் பின்னே மாட்டிவைக்க ஆரம்பித்தாள். வெங்காய வாடை ஏறிவிடுமாம். அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நல்ல யோசனை என்றேன்.

இப்போது அந்தப் பந்தயத்துக்கு வருகிறேன்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். அவளுடைய வயதுப் பிரிவில் அவள் ஓட்டக்கூடிய கடைசி வருசம் அது. வேறு மாவட்டத்தில் ஒரு மலை ஊரில் தேர்வுப் பந்தயம். முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் மாநில அணி. மேகமலை ரோட்டில் அவள் ஓட்டுகிற நேரத்தைப் பார்த்துவிட்டு, நான்கு என்ன, இரண்டுக்குள் வருவாள் என்று சார் சொல்லியிருந்தார். பந்தயம் காலை எட்டு மணிக்கு. சாருக்கு அங்கே வேலை இருந்ததால் ஒரு நாள் முன்னாலேயே போய்விட்டார். நானும் மகளும் மட்டும் வண்டியில் போவதாக ஏற்பாடு.

கிளம்புகிற அன்றைக்கு மதியம் மண்டிக்காரர் கூப்பிட்டார். அறுபது கிரேட் பன்னீர் திராட்சை, அந்த மலைக்கு அடிவாரத்தில் இருக்கிற ஊர் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். வானம் மூடிக்கொண்டு வந்தது, மழை விழுந்தால் பழம் கெட்டுப்போகும். நீ எப்படியும் அந்த வழியாகத்தானே போகிறாய், காலையில் ஐந்து மணிக்கு இறக்கிவிட்டால் அரை மணி நேர வேலை என்றார். வேறு வண்டி கிடைக்காமல் இல்லை. மண்டி வாசலிலேயே மூன்று நின்றது. நான் முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். பிறகு வண்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தேன். முன்சுவரில் ஒரே ஒரு சைக்கிள் தொங்கியது. மற்ற இடமெல்லாம் காலி.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வண்டியைப் பார்த்தாள்.

“லோடாப்பா?”

“வழியிலதான் ஆத்தா. எறக்கிட்டு நேரா மேல ஏறிறலாம்.”

“சைக்கிளு?”

“அங்கனதான் தொங்குது. முன்னால கிரேட்டு அணைச்சு நிக்கிது, ஆடக்கூட ஆடாது.”

அவள் பையை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். என் மனைவி வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தித் தூங்கினோம். அவள் உட்கார்ந்தபடியே தூங்கினாள், ஏனென்றால் அறைக்குள் அவளுக்கு இடம் இல்லை. ஐந்து மணிக்கு மார்க்கெட் சந்துக்குள் வண்டியை விட்டேன். அந்தச் சந்து ஒரு வழி. எனக்கு முன்னால் ஒரு பெரிய லாரி உருளைக்கிழங்கு இறக்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் பத்து நிமிசத்தில் நான்கு வண்டி வந்து அடைத்துவிட்டது. அதன் பிறகு முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. ஐந்தே முக்காலுக்கு மகள் உடை மாற்றிவிட்டு வந்தாள், மார்க்கெட் கழிப்பறையில். ஷூவைக் கட்டி, கையுறை மாட்டி, சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஆறேகால் ஆனபோது அவள் கேட்டாள், “அப்பா, இங்கருந்து மேல எத்தன கிலோமீட்டரு?”

பதினெட்டு என்றேன்.

“சைக்கிள எறக்குங்க. நான் மிதிச்சே போயிர்றேன். ஏழே முக்காலுக்குள்ள போயிருவேன்.”

பதினெட்டு கிலோமீட்டர் மலையை மிதித்து ஏறிவிட்டு, அதற்கு மேல் பந்தயத்தையும் ஓட்டுகிறேன் என்கிறாள். ஓட்டியிருப்பாள். எனக்கு இன்றைக்கும் அதில் சந்தேகமில்லை.

நான் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். கதவிலிருந்து கூரை வரைக்கும் கிரேட். சைக்கிள் அறுபது கிரேட்டுக்கு அந்தப் பக்கம், முன்சுவரில் தொங்குகிறது. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால், பஸ் கண்ணாடி வழியாக ஹேண்டில்பாரின் ஒரு முனை தெரிந்தது. அவளும் என் பக்கத்தில் வந்து நின்று அதைப் பார்த்தாள். ஆட்டோவில் போகிறாயா என்று கேட்டேன்.

“சைக்கிள் இல்லாம அங்கன போயி என்னப்பா செய்ய?” என்றாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. எனக்கு ஒரு விசயம் தெரியவில்லை என்பது போலக் கேட்டாள்.

பிறகு அவளே ஒரு கிரேட்டை இழுத்து இறக்கினாள். சுமைத் தொழிலாளர் மேஸ்திரி ஓடி வந்தார். அந்த மார்க்கெட்டில் சரக்கை அவர்கள் ஆள்தான் தொட வேண்டும், வரிசைப்படிதான் இறக்க வேண்டும், அது சட்டம். பாப்பா, கீழ வையி என்றார். நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன், எட்டு மணிக்குப் பந்தயம், ஒரே பிள்ளை, கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிடுங்கள் என்று. அவர் என்னையும் அவள் போட்டிருந்த உடையையும் பார்த்தார்.

“பந்தயம்னு தெரிஞ்சா லோடு ஏத்திருக்கக் கூடாதுல்லண்ணே?”

அந்த மனிதர் சொன்னது நியாயம்.

பிள்ளைகளா, இதற்குப் பிறகு நான் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்கலாம் என்று எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். மேஸ்திரி கத்தட்டும், மண்டிக்காரர் திட்டட்டும் என்று அறுபது கிரேட்டையும் சந்திலேயே தூக்கி வைத்திருக்கலாம். பத்து நிமிசம் ஆகியிருக்கும். பழம் கொஞ்சம் நசுங்கியிருக்கும். அந்த மார்க்கெட்டில் அதற்குப் பிறகு என் வண்டிக்கு இடம் இருந்திருக்காது, அவ்வளவுதான். நான் செய்யவில்லை. ஏனென்றால் அடுத்த வாரமும் அங்கே லோடு இறக்க வேண்டியிருந்தது. அவள் இறக்கிய அந்த ஒரு கிரேட்டையும் நானே தூக்கி மறுபடி வண்டிக்குள் வைத்தேன்.

அவள் போய் முன்சீட்டில் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் முறை வந்து, இறக்கி முடித்து, சந்திலிருந்து வெளியே வரும்போது மணி எட்டு இருபது. மேலே போய்ச் சேர்ந்தது எட்டே முக்கால் என்று முதலில் எழுதியிருந்தேன். இதை வாசித்துப் பார்த்த என் மகள், ஒன்பது பத்து என்று திருத்தினாள்.

சார் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் அவளுடைய நம்பர் எழுதிய துணி. எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். அவள் கதவைத் திறந்து இறங்குவதற்குள், என்ன ஆச்சு என்று அவர் கேட்பதற்குள், என் வாய் சொல்லிவிட்டது.

“டயர் வெடிச்சிருச்சு சார்.”

யோசித்துச் சொல்லவில்லை. லோடு தாமதமானால் மண்டியில் நாங்கள் வழக்கமாகச் சொல்கிற பதில் அது. எத்தனையோ வியாபாரிகளிடம் சொல்லியிருக்கிறேன், நாக்கு தானாகப் போய்விட்டது. சொன்ன பிறகுதான் ஸ்டெப்னி டயர் ஞாபகம் வந்தது. வண்டிக்கு அடியில் பல மாதத் தூசியோடு, கழற்றாமல், அப்படியே இருந்தது. சார் குனிந்துவிடக் கூடாதே என்று அந்தப் பக்கமாக மறைத்து நின்றேன்.

அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. என் தோளைத் தட்டிவிட்டு, மகளிடம் திரும்பி, எங்கன வெடிச்சுச்சு பாப்பா என்று கேட்டார்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

“ஏத்தத்துல சார், அஞ்சாவது வளைவுக்கிட்ட,” என்றாள். “அப்பாதான் ஒத்த ஆளா மாத்துனாக.”

நான் சொன்னது ஒரு வரிப் பொய். அதற்கு இடமும் வளைவும் வைத்து, என்னை ஒரு நல்ல மனிதனாக்கி, அவள் முடித்துவைத்தாள். அதுவரைக்கும் அவள் சாரிடம் பொய் சொன்னதே இல்லை. சார் எங்களை அங்கேயே நிறுத்திவிட்டு, அதிகாரிகள் மேசைக்குப் போனார். தனியாக நேரம் வைத்தாவது ஓட்டவிடுங்கள், வழியில் விபத்து என்று அரை மணி நேரம் மன்றாடினார். அவர் கையெடுத்துக் கும்பிடுவது தூரத்திலிருந்து தெரிந்தது. அவர்கள் முடியாது என்றார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும்போது மண்டிக்காரர் போன் செய்து, காலிக் கிரேட்டை மறக்காமல் எடுத்து வா என்றார். மார்க்கெட் பக்கம் வந்ததும், ஆத்தா, காலிக் கிரேட்டு மட்டும்தான் என்று இழுத்தேன். ஏத்துங்கப்பா என்றாள். ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்தபோது அந்தக் கிரேட்டுகளை இறக்குவதை என் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் போனில் அவளிடமும் டயர் கதையைத்தான் சொல்லியிருந்தாள். “டயர் வெடிச்சு நின்ன வண்டிக்கு கிரேட்டு எடுத்துட்டு வர மட்டும் நேரம் இருந்துச்சாக்கும்?” என்று மனைவி கேட்டாள். அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் அறைக்குத் தைத்த திரை கிழிந்தபோது தைத்துத் தா என்று கேட்டதற்கு, கடையில் குடுத்துத் தச்சுக்கங்க என்றாள்.

கதை வளர்ந்தது. சார் நல்லவர். நல்லவர்கள் ஒரு கதையைச் சொல்லும்போது அதில் இருக்கிற மனிதர்கள் இன்னும் கொஞ்சம் நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள். ஒரு வருசத்தில் அந்தக் கதைக்குள் மழை பெய்ய ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூட விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, வண்டி கட்டியதற்காகப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டுக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் என் மகளும் கை தட்டினாள். மறுபடி மறுபடி பார்த்தேன், மற்றவர்கள் நிறுத்திய பிறகுதான் அவள் நிறுத்தினாள். வீட்டுக்கு வந்து பொன்னாடையைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

அவள் இப்போது தேனியில் கல்லூரியில் படிக்கிறாள். பந்தயம் ஓட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து உங்களுக்குக் கியர் மாற்றச் சொல்லிக்கொடுக்கிற அக்கா அவள்தான். போன மாதம் அவள் வாசலில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன், அன்றைக்கு ஏன் நீயும் அப்படிச் சொன்னாய் என்று.

அவள் செயினைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. “நீங்க சொல்லிட்டீக. நான் இல்லன்னு சொல்லிருந்தா, சார் முன்னாடி நீங்க எப்பிடி நிப்பீக?”

நான் போய்ச் சாரிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்றேன்.

“சொல்லுங்க. எனக்காகன்னு சொல்லாதீக. எனக்கு அது போயிருச்சு.” எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, “கோவம் இல்லப்பா,” என்றாள். இருந்தது. குரலில் தெரிந்தது. அவளுக்கு அந்தக் கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை, பாவம். மற்ற எல்லோரும் அவளுடைய அப்பாவைப் புகழும்போது அவள் யாரிடம் போய்க் கோபப்படுவாள்? அந்த இடத்தைக் கூட நான் அவளுக்கு மிச்சம் வைக்கவில்லை.

அப்படியும் நான் உடனே போய்ச் சொல்லவில்லை. உங்களில் ஒருத்தி அதே மலை ஊர்ப் பந்தயத்துக்கு அடுத்த மாதம் போகிறாள் அல்லவா? உங்களுக்கே தெரியும் யாரென்று. போன வாரம் அவளுடைய அம்மா, திராட்சைத் தோட்ட வேலை முடிந்து வருகிற வழியில், வீட்டுக்கு வந்தார். கூலி வேலைக்கு ஒரு நாளும் லீவு போடாதவர், தன்னால் மகளோடு வர முடியாதாம்.

“நீங்க கூட்டிட்டுப் போறீகன்னாத்தான் விடுவேன்,” என்றார். “டயர் வெடிச்சாலும் கொண்டாந்து சேத்துருவீகன்னு சார் சொன்னாக.”

சரி என்று தலையாட்டி அனுப்பினேன். அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சந்து, கிரேட், ஸ்டெப்னி, காலிக் கிரேட் வரைக்கும். முடித்ததும், அன்னைக்கு அவங்ககிட்டக் கையெடுத்துக் கும்பிட்டேனேய்யா என்றார். பிறகு, பிள்ளைகளுக்கு நான் சொன்ன கதையை நான் எப்படித் திரும்ப வாங்குவேன், நீரே சொல்லும் என்றார். அதனால்தான் இதை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் உங்களுக்கு வாசிப்பார். நான் அங்கே இருக்க மாட்டேன்.

அந்த அறையை இப்போது வண்டியிலிருந்து இறக்குவதில்லை. பட்டறைக்குக் கொண்டுபோய்ப் படுக்கையை நீளவாக்கில், நிலையாகப் போடச் சொல்லிவிட்டேன். இனி அதில் கிரேட் அடுக்க முடியாது. இதைச் சொல்வது என்னை மெச்சிக்கொள்வதற்காக இல்லை. என்னை நம்ப முடியாது என்று எனக்கே தெரிந்ததால் அடைத்துவைத்தேன். லோடுக்கு மண்டியில் வேறொருவர் வண்டியை ஓட்டுகிறேன்.

வண்டி உங்களுடையது. சாவியைச் சாரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதப் பந்தயத்துக்கு நான் ஓட்ட வேண்டாம், வேறு டிரைவர் வரட்டும் என்று உங்கள் வீட்டில் சொன்னால், அது சரிதான். நல்ல டிரைவர்கள் இரண்டு பேரின் பெயரைச் சாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான்தான் ஓட்ட வேண்டும் என்றால் ஓட்டுகிறேன். அதை நான் கேட்க மாட்டேன்.

உங்கள் அப்பா அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். பந்தயத்துக்குப் போகிற பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் வேண்டாம். அவருக்கு வேறு யார் வாயிலிருந்தும் இது தெரியக் கூடாது, நான்தான் சொல்ல வேண்டும். மணி ஐந்தரை ஆகிறது. தோட்டத்திலிருந்து வந்திருப்பார். பேனாவை வைத்துவிட்டு அங்கேதான் போகிறேன்.